தாகக்கல் தண்ணீர்

சடையப்பன் ஓட்டிவந்த லாரி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு சங்ககிரியில் எங்கள் பட்டறைத் தெருவுக்குள் நுழைந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், அந்தப் புகைக்குள்ளிருந்து முதலில் இறங்கியவர் ஒரு வயசான டிரைவர், செத்து வெகுகாலம் ஆனவர். இறங்கியதும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "தம்பி, குடிக்கத் தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் சொம்பு தேடப் போனேன், அவர் குடத்தையே கேட்டு வாங்கி அண்ணாந்து குடித்தார், குடம் காலியானதும் வாயைத் துடைத்துக்கொண்டு "இன்னும் இருக்குதுங்களா?" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் தண்ணீர்தான் கேட்டார்கள்.

காரணம் கேட்டால் அது சின்ன விஷயம். வடக்கே ஒரு மலைப்பாதையின் வளைவில் ஒரு கல் இருக்கிறது, அந்தப் பாதையில் போய்வருகிற நம் ஆட்கள் அதைத் தாகக்கல் என்பார்கள். ரோட்டில் அடிபட்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தவர்களுக்காக, எங்கே செத்திருந்தாலும் அவர்களுக்கெல்லாம் சேர்த்து, அந்தக் கல்லைத் தாண்டும் ஒவ்வொரு டிரைவரும் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார், வைத்ததை யாரும் தொடமாட்டார்கள். சடையப்பனுக்கு அந்த இடத்தில்தான் ரேடியேட்டர் கொதித்தது.

"மூடி தெறிச்சு ஆவி மூஞ்சில அடிக்குதுங்க. சுத்தியும் பாறை. தண்ணின்னு கண்ணுல பட்டது அந்தப் பாட்டிலுங்கதான். எடுத்து ஊத்திட்டேன். எல்லாத்தையும் ஊத்திட்டேனுங்க" என்று தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான் சடையப்பன். தண்ணீர் யாருடையதோ அவர்கள் தண்ணீரோடு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் இதைக் கேட்டு யாரும் மூர்ச்சை போட்டு விழவில்லை. லாரி என்றால் எதையாவது ஏற்றிக்கொண்டுதான் வரும்.

பட்டறைக்காரர் அர்த்தநாரி ரேடியேட்டர் மூடியைத் திறந்து குமிழி வருவதைப் பார்த்தார், ஆயில் குச்சியை உருவி அதன் நுனியில் மோர் போல் வெள்ளையாக ஒட்டியிருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார், ஹெட் கேஸ்கெட் போயிற்று என்றார். புரியாமல் நின்றவர்களுக்கு அவரே விளக்கினார்.

"இஞ்சினுக்குள்ள தீயும் தண்ணியும் எண்ணெயும் ஒரே வீட்டுல குடியிருக்குதுங்க. ஒண்ணு மூஞ்சில ஒண்ணு முழிக்கப்படாது. நடுவால இருக்கற தகடு கிழிஞ்சு போச்சுன்னா தண்ணி தீக்குள்ள போயிரும், போனது புகையா வெளிய வரும். இவியளும் அப்படித்தான் வந்திருக்கறாங்க."

ஒரு நாள் வேலை, போட்டுவிட்டால் போகட்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அந்த மாடலுக்குக் கேஸ்கெட் என் கடையில் இல்லை, சேலத்திலும் இல்லை, கோயமுத்தூரில் சொல்லி வைத்தேன், அது வருவதற்குள் விஷயம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆவி என்ற சொல் எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்கவில்லை, வந்தவர்கள் என்றுதான் சொன்னோம். காலையில் ஒருமுறை இஞ்சினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டால் போதும், சாயங்காலம் வரை அவர்கள் தெளிவாக இருப்பார்கள், வெயில் இறங்க இறங்க ஓரங்களில் கரைவார்கள், மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் விட்ட பேச்சை விட்ட இடத்தில் தொடங்குவார்கள். வேப்பமரத்தைத் தாண்டி அவர்களால் போக முடியவில்லை, அதனால் அந்த மர நிழலிலேயே டயர்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். டீசல் என்ன விலை என்று கேட்டார் அந்த வயசான டிரைவர், சொன்னதும் நல்லவேளை நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன் என்றார். அம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தோம், அவர் லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது என் வேலை இல்லை, மெக்கானிக் வேலை என்று விபூதியைக் கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. எவ்வளவு குடித்தாலும் அவர்களுக்குத் தாகம் அடங்கவில்லை, எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அத்திபூத்தாற்போல, கடைசியில் பட்டறைக்காரர் சங்கத்தில் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு குடம், பட்டறைக்கு ஒரு டிரம் என்று முறை வைத்தோம். முறை தவறினவர்களை டீக்கடை ரங்கநாயகி பேர் சொல்லித் திட்டினாள், திட்டுக்குப் பயந்து எல்லோரும் ஒழுங்காக ஊற்றினார்கள். எடப்பாடி, குமாரபாளையம், ஓமலூர் என்று எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தி புருஷனைப் பார்த்ததும் அழவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செத்த பிறகு தெரியவந்த சமாச்சாரங்களையெல்லாம் எடுத்துப் போட்டு நாள் முழுக்கத் திட்டினாள், அவன் தண்ணீர் கேட்டபோதெல்லாம் திட்டை நிறுத்தி ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள், சாயங்காலம் போகும்போது நாளைக்கு வருகிறேன் என்று தலையைத் தடவிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இப்போது மாராயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாராயி எங்கள் தெருக் கோடியில் இருப்பவள், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, புருஷன் இல்லை, ஒரே பையன் பூபதி. பூபதி வடக்கே போன லாரியில் இரண்டாவது டிரைவராகப் போனான், வழியில் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று கேனோடு இறங்கினான், திரும்பி ஏறவில்லை. தேடினார்கள், போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள், ஒரு தகவலும் இல்லை. உடம்பும் கிடைக்காமல் ஆளும் வராமல் இருப்பது என்ன கொடுமை என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும். பாதிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவாள்.

அவள் தினமும் மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்த கையோடு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே பட்டறைக்கு வந்தாள். மற்றவர்கள் எல்லாம் தங்கள் ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தார்கள், அவள் ஒருத்திதான் பார்த்துவிடக் கூடாது என்று வந்தாள். ஒவ்வொரு முகமாக, அவசரமில்லாமல், குழம்பில் உப்புப் பார்க்கிற கவனத்தோடு பார்த்துக்கொண்டே போய், கடைசி ஆளையும் பார்த்து முடித்ததும் நெஞ்சில் கைவைத்து மூச்சு விடுவாள். "என்ற பையன் இதுல இல்லீங் தம்பி" என்று அர்த்தநாரியிடம் சொல்வாள். "அப்ப எங்கியோ நல்லா இருக்கறானுங்க. யாரு மேலயோ கோவமாட்ட இருக்குது, ஆறுனா வருவான்." நாள் ஆக ஆக அவள் முகத்தில் தெளிவு வந்தது, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள், டீக்கடையில் நின்று சிரித்துப் பேசினாள்.

பூபதி இருந்தான். முதல் நாளே, எல்லோருக்கும் கடைசியில் இறங்கினான். சின்ன வயசில் இந்தப் பட்டறை முற்றத்தில் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டான், எங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். நெற்றியோரத்தில் அடிபட்ட இடம் மட்டும் கறுத்திருந்தது. அர்த்தநாரி அவனைப் பார்த்து ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

"அண்ணா, அம்மாகிட்டச் சொல்லீராதீங்க" என்றான் பூபதி. "அது நான் உசுரோட இருக்கறேன்னு நெனச்சுத்தான் ஒலையில அரிசி போடுது. தெரிஞ்சா அதையும் நிறுத்திப்போடும்."

அர்த்தநாரி எங்களைப் பார்த்தார். பேசாமலே முடிவாகிவிட்டது. மாராயி தெருமுனையில் திரும்பியதும் ரங்கநாயகி கரண்டியால் பால் சட்டியைத் தட்டுவாள், பூபதி லாரிக்கு அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கிவிடுவான், தாயார் போகும்வரை அங்கே நின்று அவள் செருப்பையும் சேலைக் கரையையும் பார்த்துக்கொண்டிருப்பான். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கும் சொல்லி வைத்தோம், அவர்களும் காப்பாற்றினார்கள். ஒரு ரகசியத்தை ஒரு மணி நேரம் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத எங்கள் தெரு, இதை மட்டும் எப்படிக் காத்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். செத்தவர்கள் வந்ததில் எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை.

கேஸ்கெட் வந்து சேர்ந்த அன்று தெரு இரண்டாகப் பிரிந்தது. லாரி முதலாளி துரைசாமி சரக்கு நிற்கிறது, உடனே போடுங்கள் என்றார். சொந்தக்காரர்கள் லாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள், போட்டால் எங்கள் ஆட்கள் போய்விடுவார்கள், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். மாராயியும் அவர்களோடு உட்கார்ந்தாள். "நீங்க எதுக்குங்க்கா உக்காந்திருக்கறீங்க, உங்க பையன்தான் இல்லியே" என்று நான் கேட்டேன். "தெனம் வந்து இல்லைன்னு பாத்துட்டுப் போறதுல ஒரு தைரியம் இருக்குதுங்க" என்றாள். நான் உள்ளே போய்க் கேஸ்கெட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அர்த்தநாரி நடுவில் நின்று சொன்னார். "ஆயில் பூராவும் தண்ணியாயிருச்சு. இப்படியே இன்னும் ஓட்டுனா பேரிங் எரிஞ்சு இஞ்சின் பூட்டிக்கும். அப்பறம் ஸ்டார்ட்டும் ஆவாது, இவிய போகவும் முடியாது, தெளியவும் முடியாது. அந்தரத்துல நிப்பாங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?"

வேப்பமரத்தடியிலிருந்து வயசான டிரைவர்தான் சொன்னார், எங்களுக்கும் அலுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடித்துக் குடித்து வயிறுதான் கனக்கிறது, தாகம் போகவில்லை, பழையபடி அந்தக் கல்லிடமே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று. திட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் முதலில் எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

ரேடியேட்டரிலும் இஞ்சினிலும் இருந்த தண்ணீரை ஒரு சொட்டுக் கூடத் தரையில் விடாமல் கேன்களில் வடித்தார் அர்த்தநாரி. வடக்கே போகிற வேறொரு லாரியில் அந்தக் கேன்களை ஏற்றினார்கள், செய்தவனே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சடையப்பனும் ஏறினான், கேன்கள் ஏறியதும் வந்தவர்கள் தாமாகவே எழுந்து வந்து தார்ப்பாயைப் பிடித்துப் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வேப்பமரத்தைத் தாண்டும்போது இப்போது ஒன்றும் தடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் லாரிக்குப் பின்னால் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், பைபாஸ் வரை ஓடியவர்களும் உண்டு.

பூபதி மட்டும் ஏறவில்லை. "அந்த மலைக்கு மறுபடி வேண்டாமுங்ணா. சைலன்சருக்குள்ள கொஞ்சம் தண்ணி நிக்குது, நான் அதுல இருந்துக்கறேன். நம்மூர்லயே முடிச்சு உட்டுருங்க" என்றான்.

அர்த்தநாரி போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார், சங்கிலிக் கப்பியில் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைத் தூக்கினார். பழைய தகடு மூன்றாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு எரிந்து போயிருந்தது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி முகம் சீவி வாங்கினார், கீழே இருந்த பிளாக்கின் முகத்தைப் பிள்ளை முகம் துடைப்பது போலத் துடைத்தார், புதுத் தகட்டை வைத்து ஹெட்டை இறக்கி, இந்த முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒரே மூச்சில் இறுக்காமல் சுற்றுச் சுற்றாக இறுக்கினார். மறுநாள் காலையில் புதுத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். சைலன்சர் கடைசியாக ஒருமுறை வெள்ளையாக இருமியது, அதிலிருந்து பூபதி இறங்கினான், பிறகு வந்த புகையில் வெள்ளை இல்லை.

நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு இஞ்சினை நிறுத்தினார். புதுத் தகடு சூட்டில் அமுங்கி உட்காரும், ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டையும் இன்னொரு தரம் இறுக்க வேண்டும், அப்போதுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு, அதுவரை பூபதியும் இருப்பான். இது பட்டறைக்காரர்களுக்குத்தான் தெரியும். துரைசாமிக்கு இஞ்சின் ஓடிய சத்தம் போதும், வேலை முடிந்தது என்று ஊர் முழுக்கப் போன் போட்டுவிட்டார். ரங்கநாயகியும் முடிந்தது என்றே நினைத்து, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உளுந்து வாங்கச் சந்தைக்குப் போய்விட்டாள்.

அதனால் மாராயி தெருமுனையில் திரும்பியபோது யாரும் எதையும் தட்டவில்லை. அவள் பச்சைச் சேலை கட்டியிருந்தாள், கையில் தூக்குப்போசி நிறைய ஒப்பிட்டு, பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய போளி. என் கடையைத் தாண்டும்போது எனக்கும் ஒன்று கொடுத்தாள். "முடிஞ்சுதாமா. கடைசி வரைக்கும் என்ற பையன் வரலீங்க. பூபதிக்குப் பொண்ணு பாக்கறேன், வந்ததும் முடிச்சரலாமுன்னு" என்றாள். ஒப்பிட்டு கையில் சூடாக இருந்தது. பூபதியை எச்சரிக்க நான் தெருவில் இறங்குவதற்குள் அவள் பட்டறைக்குள் போய்விட்டாள்.

அவன் முன்சக்கரத்தில் சாய்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். திரும்பினான். நாலடி தூரத்தில் அம்மா.

போசியின் மூடி மட்டும் அவள் கையில் கடகடவென்று ஆடியது. வேறு ஒன்றும் அசையவில்லை. அர்த்தநாரி சாப்பாட்டுக் கையோடு உள்ளேயிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் அவன் நெற்றியோரத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கால் வரைக்கும் பார்த்துவிட்டு மறுபடி முகத்துக்கு வந்தாள். பிறகு மூடியை அழுத்தி மூடினாள்.

"எந்த ஊரு கண்ணு நீ?" என்று கேட்டாள்.

அவன் சக்கரத்தை விட்டு நிமிர்ந்து நின்றான். "காங்கயத்துப் பக்கமுங்க" என்றான்.

"அம்மா இருக்குதா?"

"இருக்குதுங்க."

"உன்னத் தேடிட்டு இருக்குமே சாமி."

"தேட வேண்டாமுன்னு சொல்லோணுமுங்க. யாரும் சொல்றதுக்கு இல்ல."

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்லீங்க. தண்ணி புடிக்கப் போனேன், எதுத்தாப்புல வந்த வண்டிக்காரன் கவனிக்கல. தண்ணிதான் ரொம்பத் தவிச்சுதுங்க."

மாராயி போசியைக் கீழே வைத்தாள். பட்டறை டிரம்மிலிருந்து சொம்பில் மொண்டு வந்தாள். அவன் இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தான், அவள் மெதுவாக, சிந்தாமல் ஊற்றினாள், ஊற்றும்போது அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொம்பு முடியவில்லை, பாதியிலேயே அவன் கையை விலக்கினான்.

"போதுமுங்க" என்றான்.

வந்தவர்களில் போதும் என்று சொன்னது அவன் ஒருவன்தான். மிச்சத் தண்ணீரை அவள் குடித்தாள். அவள் காலைத் தொட்டுக் கும்பிட அவன் குனிந்தான், அவள் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்து, யாரோ வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "நல்லாப் போய்ட்டு வா கண்ணு" என்றாள். பிறகு அர்த்தநாரியைப் பார்த்து, "இஞ்சின் ஆறிருச்சுங்களா தம்பி?" என்று கேட்டாள், பட்டறையில் வளர்ந்த பிள்ளையைப் பெற்றவளுக்கு அந்த இரண்டாவது இறுக்கல் தெரிந்திருந்தது.

"ஆறிருச்சுங்க்கா."

"அப்ப இறுக்கிருங்க."

அர்த்தநாரி கையைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினார், மேல்மூடியைக் கழற்றினார், நடுவிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு போல்ட்டும் கொஞ்சம் திரும்பி நின்றது, ஒவ்வொன்றுக்கும் பூபதி கொஞ்சம் மெலிந்தான், மாராயி டயர் மேல் உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல், முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஓரத்துப் போல்ட் வந்தபோது அர்த்தநாரியின் கை நின்றது, அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். அவள் தலையை ஆட்டினாள். அவர் இறுக்கினார். சக்கரத்துக்குப் பக்கத்தில் வெயில் மட்டும் இருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து போசியை எடுத்துத் திறந்து அவருக்கு ஒரு ஒப்பிட்டு கொடுத்தாள். அவர் கிரீஸ் கையோடு வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பையனோட அம்மாவுக்கு யாராச்சும் போய்ச் சொல்லோணுமுங்களே" என்றாள்.

"நான் போய்ச் சொல்றேனுங்க்கா."

"இப்ப வேண்டாமுங் தம்பி. அவ இப்பத்தான் பையனுக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிருப்பா. கொஞ்ச நாள் போகட்டும். எப்பன்னு நானே சொல்றேன்."

அதற்கப்புறம் எத்தனையோ லாரிகள் வந்து போய்விட்டன. மாராயி இன்னும் சொல்லவில்லை.